நாலு விரல் இடம்

சாப்பிட்ட தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு பெட்டிக்காரர் படுக்கையறைக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம். அவருடைய மனைவி அப்போதுதான் படுத்திருந்தாள். கட்டிலின் கால்மாட்டில் அவர் செய்து வைத்திருந்த மரச்சட்டம் நின்றது. அதன்மேல் போர்வை ஒரு சின்னக் கூடாரம்போல விழுந்து கிடந்தது. கூடாரத்துக்குள்ளே அவளுடைய இடது பாதம்.

அவர் குனிந்து, வலது கையின் நாலு விரல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து உள்ளே நீட்டினார். மேலே ஆள்காட்டி விரல் போர்வையைத் தொட்டது. கீழே சுண்டுவிரல் பாதத்தைத் தொடாமல் நின்றது.

“இருக்கு,” என்றார்.

“அது இருக்கட்டும். குளியலறை பல்பு போச்சு. காலையில இருட்டுல பேஸ்ட்டுன்னு நினைச்சு உங்க ஷேவிங் கிரீமைப் பிதுக்கிட்டேன்.”

“அதான் இன்னிக்குச் சிரிப்பு ஒரு மாதிரி பளபளன்னு இருக்கா?”

“போங்க. கடையைச் சாத்தறதுக்குள்ள வாங்கிட்டு வாங்க.”

அவர் போனார். தெருமுனை மின்சாமான் கடையில் பல்பை வாங்கினார், எரிகிறதா என்று போட்டுப் பார்க்கச் சொன்னார், காசைக் கொடுத்தார், திரும்பினார். கண்ணாடிப் பேழையில் ஒரு கை ஊன்றி, யாரோ உட்காரச் சொன்னதுபோல மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

கடைக்காரர்தான் பல்பை வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார். “நெஞ்சோட சேத்துப் பிடிச்சிருந்தாரும்மா. உடையலை,” என்றார்.

உடைந்திருந்தால்தான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். பெட்டிக்காரர் கையில் எதுவும் உடைந்ததில்லை.

அந்தப் பேரை அவருக்கு வைத்தது அவர் வேலை பார்த்த கிடங்கு. விளக்குக் கண்ணாடி, பீங்கான், ஆய்வுக்கூடத்துக் குடுவை, வீடு மாறுகிறவர்களின் நிலைக்கண்ணாடி என்று, கீழே போட்டால் போய்விடும் சாமான் எதுவானாலும் கட்டி அனுப்புகிற இடம் அது. பொருளை உள்ளே வைத்து இண்டு இடுக்கெல்லாம் துணியைத் திணிப்பதற்குப் பேர் கட்டுவதல்ல, அடைப்பது என்பார் அவர். பொருளுக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே எந்தப் பக்கம் பார்த்தாலும் நாலு விரல் இடம் இருக்க வேண்டும். நுரைப்பஞ்சும் தாளும் அந்த இடத்துக்குத்தான் காவல்.

“பொருளைக் காப்பாத்தறதா நினைக்கிறாங்க. அதைச் சுத்தி இருக்கிற இடத்தைக் காப்பாத்தினா போதும்,” என்பார்.

“தத்துவம் ஆறாது, டீ ஆறிடும். குடிங்க,” என்பாள் அவள்.

‘உடையும் பொருள்’ என்று சீட்டு ஒட்டுவதில் மட்டும் அவருக்கு நம்பிக்கையே கிடையாது. “லாரியில ஏத்தறவன் அதைப் படிச்சான்னு வையி, ‘ஆமா, பெரிய மகாராணி’ன்னு சொல்லி இன்னும் ரெண்டடி தள்ளி நின்னு எறிவான். ‘கனம்’னு ஒட்டிப் பாரு. முதுகு போயிடுமேன்னு பயந்து ரெண்டு பேராச் சேந்து மெதுவாத் தூக்கி மெதுவா வைப்பான். உள்ள இருக்கிறது ஊதினா பறக்கிற கண்ணாடிக் குமிழா இருக்கும்.” கிடங்கு மேலாளருக்கு இது தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டார். உடைந்து திரும்பி வரும் பெட்டிகள் குறைந்திருந்தன, அவருக்கு அது போதும்.

அவளுக்குச் செருப்புக் கடையில் வேலை. வாசலில் நுழைகிறவரின் நடையைப் பார்த்தே எத்தனையாம் நம்பர் என்று சொல்லிவிடுவாள். அதனால் கடையில் அவள் ‘அளவக்கா’. ஒரு நாள் மேல்தட்டிலிருந்து இரண்டு கையிலும் பெட்டிகளோடு ஏணியை விட்டு இறங்கும்போது கடைசிப் படி இருப்பதை மறந்துவிட்டாள். இடது கால் பிசகியது. வீக்கம் சில நாளில் வடிந்தது. வலி வடியவில்லை. அது மட்டுமில்லை, வேறு ஆளாக மாறியது. குடைச்சலாக இருந்தது எரிச்சலாயிற்று. சூடான இஸ்திரிப் பெட்டியின்மேல் பாதத்தை வைத்துவிட்டு எடுக்க மறந்ததுபோல் ஓர் எரிச்சல். நடுநடுவே சுண்டுவிரலிலிருந்து கணுக்கால்வரை ஒரு நெருப்புக் கம்பி ஓடும். பனியன் துணி உரசினால் வலித்தது. மின்விசிறிக் காற்று பட்டால் வலித்தது. போர்வை பாறாங்கல்லாகக் கனத்தது.

பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. நாள் முழுக்க ஊரார் பாதங்களைப் பார்க்கிறவள் அவள். அதைவிட லட்சணமான பாதம் அவள் கடைக்கு வந்ததில்லை.

எக்ஸ்ரே எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். நரம்பில் மின்சாரம் விட்டுப் பார்த்தார்கள். எல்லாம் நார்மல். அதை ஒவ்வொரு டாக்டரும் நல்ல செய்தியாகத்தான் சொன்னார். நல்ல செய்தியை வாங்கிக்கொண்டு கண்ணைத் துடைத்தபடி வெளியே வருகிறவள் அவள் ஒருத்திதான். ஒருவர் தினமும் நடக்கச் சொன்னார். இன்னொருவர் பாட்டுக் கற்றுக்கொள்ளலாமே என்றார். ஒரு பெண் டாக்டர் மட்டும் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “நரம்புல இப்படி வர்றது உண்டும்மா. எங்க சோதனைக்கு அது எட்டலை, அவ்வளவுதான். எட்டலைங்கறதால இல்லைன்னு ஆயிடாது. முழுசாப் போகும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். குறைக்கப் பாக்கலாம்,” என்று மாத்திரை எழுதினார். அந்த மாத்திரையில் வலி போகவில்லை. பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. சில நாள் கதவைச் சாத்தாது.

பெட்டிக்காரரும் எடுத்த எடுப்பில் தெய்வப் பிறவியாக இருந்துவிடவில்லை. பாதத்தை விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தானே இருக்கு?” என்றார். அன்று முழுக்க அவள் அவரோடு பேசவில்லை. மறுநாள் வேலைவிட்டு வந்ததும் வராததுமாகக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கிடங்கில் வாடிக்கையாளரைக் கேட்பதுபோலக் கேட்டார்.

“எந்தப் பக்கம் பட்டா ஆகாது?”

“மேல் பக்கம். விரலோரம்.”

“கீழ?”

“கீழ பரவாயில்லை. ஊன்றி நிக்கலாம். மேல எதுவும் படக் கூடாது.”

“எதுவுமேவா?”

“எதுவுமே.”

“சரி. அப்ப இடம்தான் விடணும்,” என்றார்.

முதல் சட்டத்தை அட்டையில் செய்தார். அது விடிவதற்குள் அவள் பாதத்தின்மேலேயே சரிந்தது. அவள் போட்ட சத்தத்தில் மாடிவீட்டுக்காரர் தரையைத் தட்டினார். இரண்டாவது சட்டம், பெட்டி அடிக்கும் மரச்சில்லுகளும் வளைத்த ஒட்டுப்பலகைப் பட்டைகளும் சேர்ந்தது. திருகாணிகளை அவர் முடுக்கி முடித்துப் போர்வையைப் போட்டதும், அவள் எத்தனையோ நாளுக்குப் பிறகு போர்த்திக்கொண்டு தூங்கினாள்.

“காலுக்கு பார்சல் கட்டியாச்சு. விலாசம்தான் எழுதணும்,” என்றார் காலையில்.

“எங்கயாவது தூர தேசமாப் பாத்து எழுதுங்க.”

“வாங்க ஆளில்லைன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. அப்புறம் ரெண்டு பக்கச் செலவும் நம்ம தலையில.”

அதற்குப் பிறகு வீட்டில் அவளுக்குப் பேர் ‘நார்மல்’. “நார்மல், டீ ரெடி.” “நார்மல் எழுந்தாச்சா?” அவர் போவதற்கு ஒரு மாதம் முன்பு கிடங்கில் எல்லோருக்கும் உடற்சோதனை செய்தார்கள். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார். “எனக்கும் எல்லாம் நார்மல். இனிமே யாராவது நார்மல்னு கூப்பிட்டா யாரைன்னு கேட்டுட்டுத் திரும்பு.”

அந்த இரண்டு நார்மலில் ஒன்று இப்போது இல்லை.

வீடு நிறைய ஆள் வந்து போனது. நாற்காலி போட இடமில்லாமல் யாரோ சட்டத்தைத் தூக்கி வெளி வராந்தாவில் வைத்தார்கள். அதன்மேல் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். உறவெல்லாம் கிளம்பியபின் அவள் அதைத் தேடி எடுத்து வந்தபோது நடுப் பட்டை விரிந்திருந்தது. கட்டிலில் வைத்துப் போர்வையைப் போட்டாள். கூடாரம் தொய்ந்தது. உள்ளே இரண்டு விரல்தான் நுழைந்தது. பாதத்தைக் கொஞ்சம் அசைத்தாலும் துணி உரசியது. சட்டத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, பாதத்தைப் போர்வைக்கு வெளியே நீட்டி, குளிரில் படுத்துக்கொண்டாள்.

வலியைவிட வேறொன்று அவளை அறுத்தது. அந்தப் பெண் டாக்டரை விட்டால், அந்த வலியை நம்பியவர் அவர் ஒருவர்தான். அவள் முகத்தைப் பார்த்தே இன்றைக்குக் கதவு சாத்தியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று சொல்வார். இனி அது அவள் ஒருத்தியின் சொல். ஒருத்தி மட்டும் சொல்லிக்கொண்டிருப்பதை எத்தனை நாளைக்குச் சொல்ல முடியும்?

போதாக்குறைக்கு, எல்லோரும் போனபிறகும் போகாமல் தங்கியவர் அவருடைய அக்கா.

அவருடைய அக்கா பெண்கள் விடுதி ஒன்றில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். குடும்பத்திலும் எல்லோருக்கும் அவர் வார்டன்தான். வகுப்புக்குப் போகச் சோம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்ட பெண்களை வரிசையாகப் பார்த்துப் பார்த்து, மனித உடம்பின்மேலேயே நம்பிக்கை இழந்தவர். தெர்மாமீட்டர் ஏறினால் காய்ச்சல், ஏறாவிட்டால் நடிப்பு. தம்பிக்குச் சின்ன வயதில் பல் வலி வந்தபோதுகூட, ‘ஆடுதா, ஆடலையா?’ என்று கேட்டவர் என்று பெட்டிக்காரர் சொல்லியிருக்கிறார். அதனாலேயே அவள் நாத்தனாரிடம் காலைப் பற்றி வாயே திறந்ததில்லை. கல்யாணம் காட்சி என்று சந்திக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள்.

இப்போது ஒரே வீட்டில். ‘எழுந்திரு, எல்லாரும்தான் புருஷனைப் பறிகொடுத்திருக்காங்க, காலையும் பிடிச்சுக்கிட்டு உக்காந்தா ஆச்சா?’ என்று ஒரு நாள் கேட்கப்போகிறார் என்று காத்திருந்தாள்.

வார்டன் கேட்கவில்லை. முதல் நாளே ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டு, “காலைத் தூக்கி வை,” என்றார். சமையலறையில் அவள் நின்றால், “ஏம்மா, உனக்கு என்ன தலையெழுத்தா? நகரு,” என்று கரண்டியைப் பிடுங்கினார். துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டு அம்மாள் கட்டிலில் உட்காரப் போனபோது, “அங்க வேண்டாம், கால் இருக்கு,” என்று நடு அறை அதிரச் சொன்னார். அந்த அம்மாள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. துக்கம் ஆளை இப்படி மாற்றிவிடுமா என்று நினைத்தாள்.

தொலைபேசியில் வார்டன் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தபோது விஷயம் விளங்கியது. “எப்படி விட்டுட்டு வர முடியும்? பாதத்துல விரிசல் அவளுக்கு... ஆமா, எலும்புலதான். ஆறவே மாட்டேங்குது. தம்பி என்கிட்ட சொல்லியிருக்கான். மேல எதாவது பட்டா மறுபடி விட்டுடுமாம். பாவம், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்றதில்லை அவ.”

அவள் கதவு மறைவில் நின்றாள். சிரிப்பும் அழுகையும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நின்றன. பெட்டிக்காரர் தன் அக்காவிடமும் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

அவள் மறுக்கவில்லை. மறுக்க மனம் வரவில்லை. எலும்புக்கு இருக்கிற மரியாதை என்ன மரியாதை! ‘ஆறலையா இன்னும்?’ என்று வார்டன் கேட்கும்போது அந்தக் குரலில் சந்தேகத்தின் வாடையே இல்லை. அவள் ‘இல்லை, அண்ணி’ என்றால் போதும். விளக்க வேண்டாம், நிரூபிக்க வேண்டாம், முகத்தை வலிக்கிற மாதிரி வைத்துக்கொள்ளவும் வேண்டாம். சும்மா இருந்தாலே நம்பினார்கள். இத்தனை வருஷத்தில் அவளுக்குக் கிடைக்காத சுகம் அது. செத்துப்போனவர் பரிசு வாங்கி ஒளித்து வைத்துவிட்டுப் போனதுபோல அதை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

ஆனால் ‘கனம்’ என்று ஒட்டினால் கனத்தைத் தூக்குகிற மாதிரிதான் தூக்குவார்கள். பெட்டிக்காரருக்கு அது தோன்றாமல் போயிற்று.

ஒரு நாள் வார்டன் மருந்துக் கடையிலிருந்து ஒரு பை நிறையச் சாமான்களோடு வந்தார். இழுத்தால் நீளும் அகலமான பட்டித்துணிச் சுருள், பாதத்தை உள்ளே வைத்து மூன்று வாரால் இறுக்குகிற கெட்டியான பூட்ஸ்போல ஒன்று. மேசைமேல் பரப்பினார்.

“எலும்பு ஏன் கூடலை தெரியுமா? அசைஞ்சுக்கிட்டே இருக்கு. என்கிட்ட படிச்ச பொண்ணு ஒருத்தியோட புருஷன் எலும்பு டாக்டர். நாளைக்குக் கூட்டிட்டு வரச் சொல்லிட்டார். அதுவரைக்கும் இறுக்கமாக் கட்டி, இந்த பூட்ஸுல வச்சுடலாம். தம்பி செல்லம் குடுத்தே கெடுத்துட்டான். கூடாரமாம் கூடாரம். காலை நீட்டு.”

அவள் நீட்டவில்லை. பட்டித்துணியைப் பார்த்தாள். அது பாதத்தைச் சுற்றி ஒரு சுற்று, இரண்டு சுற்று, மேலே மேலே. பார்க்கும்போதே சுண்டுவிரலிலிருந்து கம்பி ஓடியது.

“வேண்டாம், அண்ணி.”

“வலிக்கத்தான் செய்யும். ஒரு வாரம் பல்லைக் கடிச்சுக்க. எலும்பு கூடட்டும்.”

சொல்லாவிட்டால் கட்டிவிடுவார்கள். சொன்னால், வீட்டில் மிச்சமிருக்கிற ஒரே நம்பிக்கையும் போய்விடும். அவள் இரண்டையும் நிறுத்துப் பார்த்தாள். வார்டன் சுருளைப் பிரித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். மூட்டு வலியோடு, முனகிக்கொண்டு, அவள் காலுக்குக் கீழே. அதைப் பார்த்துக்கொண்டு பொய்யைக் காப்பாற்ற அவளால் முடியவில்லை.

“அண்ணி, விரிசல் இல்லை.”

“என்ன?”

“எலும்புல விரிசல் கிடையாது. எப்பவும் இருந்ததில்லை.”

“அப்ப என்னதான் இருக்கு?”

“ஒண்ணும் இல்லை. எல்லாச் சோதனையும் செஞ்சாச்சு. எல்லாம் நார்மல். ஆனா வலிக்குது. எரியுது. துணி பட்டா தாங்க முடியலை. அது மட்டும்தான் இருக்கு.”

வார்டனின் கை நின்றது. சுருள் உருண்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று.

“தம்பி சொன்னானே. என் வீட்டுக்கு வந்து, நேருக்கு நேரா உக்காந்து சொன்னானே. அவ காலைப் பாத்து நடந்துக்கோக்கா, விரிசல்னு.”

“சொல்லியிருப்பார்.”

“அப்ப என்கிட்ட பொய் சொல்லியிருக்கான்.”

வார்டன் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முகம் சிவந்திருந்தது. “என்கிட்ட அவன் பொய்யே சொன்னதில்லை. எந்த வயசுலயும். அப்படின்னுதான் நான் நினைச்சுக்கிட்டிருந்தேன். உண்மையைச் சொன்னா நான் நம்ப மாட்டேன்னு எப்படி முடிவு பண்ணினான் அவன்?”

“நம்பியிருப்பீங்களா, அண்ணி?”

வார்டன் வாயைத் திறந்தார். மூடினார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஆள்.

“மாட்டேன்,” என்றார்.

பிறகு ஜன்னல் ஓரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்து தெருவைப் பார்த்தார். அவள் அந்தச் சீட்டுக் கதையைச் சொன்னாள். லாரியில் ஏற்றுகிறவர்கள், ‘உடையும் பொருள்’, ‘கனம்’, ஊதினால் பறக்கிற கண்ணாடிக் குமிழ், தெரியாத மாதிரி இருந்த மேலாளர், எல்லாம். வார்டன் தெருவைப் பார்த்தபடியே கேட்டார்.

“அப்ப நான் லாரிக்காரனா?”

அவள் பயந்துபோய், “அப்படி இல்லை, அண்ணி,” என்றாள்.

“இல்லை, கேக்கறேன். கூடப் பிறந்த அக்காவை லாரியில மூட்டை ஏத்தறவன்னு நினைச்சிருக்கான் கழுதை.” அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று அவளுக்குத் தெரிய ஒரு கணம் ஆயிற்று. சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றினார். சிரிப்பு நிற்காமலே அழுகையாக மாறியது. தம்பி போனதிலிருந்து யாரும் அவர் அழுது பார்க்கவில்லை. அவள் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றாள். தொடலாமா என்று தெரியவில்லை. வார்டனே அவள் கையை இழுத்து வைத்துக்கொண்டார்.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு அவர் சொன்னார்: “இங்க பாரு. நான் நம்பறேன்னு சொல்லி உன்னை ஏமாத்த மாட்டேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்பாங்க. எனக்கு அடுத்தவங்களுக்கு வந்தா தெர்மாமீட்டர் வேணும், அந்த ஜென்மம் நான். ஒரு நாள்ல மாற மாட்டேன்.”

“மாற வேண்டாம், அண்ணி.”

“நாளைக்கு வரலைன்னு டாக்டர்கிட்ட சொல்லிடறேன். பூட்ஸைக் கடையில திருப்பி எடுத்துப்பானா பாப்போம். எடுக்காம போகட்டும், அப்புறம் இருக்கு அவனுக்கு.”

அன்றைக்குச் சாப்பிட்டதும் வார்டன் தட்டுகளைக் கழுவப் போய்விட்டார். அவள், எல்லாம் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள். முக்காலியும் இனி வராது. சொன்னதற்காக வருத்தம் இல்லை, ஆனால் வீடு இன்னும் கொஞ்சம் பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது.

மறுநாள் காலை அவள் குளித்துவிட்டு வரும்போது படுக்கையறையில் சுத்தியல் சத்தம். சுவரோரம் சாய்ந்திருந்த சட்டத்தை வார்டன் கட்டிலின்மேல் கவிழ்த்துப் போட்டிருந்தார். தம்பியின் கருவிப்பெட்டி திறந்து கிடந்தது. விரிந்திருந்த பட்டைக்குக் கீழே ஒரு மரச்சில்லை வைத்து அறைந்திருந்தார். தளர்ந்திருந்த மூலைக்கு முட்டுக் கொடுக்க எதையோ மடித்துக்கொண்டிருந்தார். பல்பு வந்த அட்டை உறை.

“விடுதியில கட்டில் உடைஞ்சா தச்சன் வர ஒரு மாசம் ஆகும்,” என்றார் நிமிராமல். “இத எப்படிப்பா அவன் இவ்வளவு நேரா முடுக்கினான்? எனக்குக் கோணிக்கிட்டே போகுது.”

அவள் கதவருகிலேயே நின்றாள்.

சட்டம் நிமிர்ந்தது. வார்டன் போர்வையை உதறிப் போட்டார். “படு. சரியா இருக்கான்னு பாக்கணும். எவ்வளவு இடம் விடணும்?”

“நாலு விரல்.”

“யார் விரல்?”

அவள் அதை யோசித்ததே இல்லை. தன் கையைப் பார்த்தாள். பிறகு வார்டனின் கையைப் பார்த்தாள். தட்டையான நகங்கள், அகன்ற கணுக்கள், கட்டைவிரல் அடியில் மேடு தட்டிய சதை. கண்ணாடி விளக்கை ஒரு கையால் அடியில் தாங்கித் தூக்கிய பெட்டிக்காரரின் கையேதான்.

“உங்க விரல்,” என்றாள்.

வார்டன் நாலு விரல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து உள்ளே நீட்டினார். கொஞ்சம் குறைந்தது. கையை எடுத்து, அட்டையை இன்னொரு மடிப்பு மடித்து, மூலையில் தட்டி இறக்கிவிட்டு மறுபடி நீட்டினார். போர்வை ஆள்காட்டி விரலைத் தொட்டது. பாதத்தில் எதுவும் படவில்லை.

“இருக்கா?” என்றார்.

“இருக்கு, அண்ணி.”

வார்டன் அந்த வாரக் கடைசியில் ஊருக்குக் கிளம்பினார். வாசலில் நின்று, “தினமும் போன் பண்ணுவேன். வலிக்குதான்னு கேக்க மாட்டேன், கேட்டா நீ சொல்லணும், நான் யோசிக்கணும். சட்டம் எப்படி இருக்குன்னு கேப்பேன்,” என்றார். சொன்னபடிதான் கேட்கிறார். சட்டம் இன்னிக்கு நல்லா இருக்கு என்று அவள் சொல்கிற நாளும் உண்டு, சட்டம் இன்னிக்குச் சரியில்லை, அண்ணி என்று சொல்கிற நாளும் உண்டு. சரியில்லை என்றால், வார்டன் அடுத்த பேச்சை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே போனைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

அவள் மறுபடி கடைக்குப் போகிறாள். மேல் வார் வெட்டி எடுத்த செருப்பைப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்தபடி அடுத்தவர் பாதங்களை அளக்கிறாள். இறுக்குகிறது என்று யாராவது சொன்னால் விரலை விட்டுச் சோதித்துப் பார்க்காமல் அடுத்த நம்பரை எடுத்துத் தருகிறாள். முதலாளி முணுமுணுக்கிறார். வலி அப்படியே இருக்கிறது. சில நாள் கதவைச் சாத்திக்கொள்கிறது, சில நாள் சாத்துவதில்லை. குளியலறையில் அந்த பல்பு எரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து படுக்கிறாள். படுப்பதற்குமுன் எட்டித் தன் கையை உள்ளே நீட்டிப் பார்த்துக்கொள்கிறாள். அவள் விரல்கள் மெலிசு. நாலையும் வைத்த பிறகும் மேலே ஒரு நூலளவு இடம் மீந்து நிற்கிறது. பெட்டிக்காரர் கைக்குச் சரியாக இருக்கும்.